விலாசத்தில் ஆள் இல்லை

நாலு பேர். மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரில் நாலே நாலு பேர்தான் இன்னும் தீராமல் நின்றார்கள். மற்றவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், அல்லது இல்லை. இருப்பவர்களுக்கு எதிரே பச்சை, இல்லாதவர்களுக்கு எதிரே சிவப்பு, இந்த நாலு பேருக்கு மட்டும் சாம்பல் நிறம், பதில் வரவில்லை என்று அர்த்தம். நாலில் மூன்றாவது பெயர் ஆவுடைச்செல்வி. முதல் தடவை படித்தபோது பெயர் ஒற்றுமை என்றுதான் புஷ்பகலா நினைத்தாள். மெயில் ஐடியில் பேரோடு ஒட்டிக்கொண்டிருந்த வருஷத்தைப் பார்த்தாள், அதற்கப்புறம் வந்த நர்சிங் காலேஜின் பேரைப் பார்த்தாள், டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சம் சோற்றை ஒரு வாய் வைத்து மென்று விழுங்கினாள், மறுபடியும் பார்த்தாள். கூடப் பிறந்த தங்கச்சியேதான். புளியங்குடியில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிற அதே ஆவுடை. ஜெர்மனிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள், எழுதிப் போட்டிருக்கேன்க்கா என்று ஆனி மாசம் போனில் சொன்னாள், அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பரீட்சை எழுதி, இண்டர்வியூ முடிந்து, தேர்வானவர்களின் பட்டியலை அந்த ஏஜென்சி இங்கே கோயம்புத்தூரில் அவள் வேலை பார்க்கிற கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறது, கடிதம் போடுவதற்கு முன்னால் விலாசங்கள் சரிதானா என்று பார்த்துத் தரச் சொல்லி. அதாவது ஆவுடை தேறிவிட்டாள். அது ஆவுடைக்கே தெரியாது. இந்த உலகத்தில் ஆவுடையின் சொந்தக்காரர்களில் அது தெரிந்த ஒரே ஆள் எலுமிச்சம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மெயில் ஐடி உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்கு ஒரு கம்பெனியா, அதற்குச் சம்பளமா என்று அவள் புருஷன் தனபால் கல்யாணம் காட்சிகளில் பார்க்கிற சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். செத்த விலாசங்களுக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தால் போடுகிறவனை மெயில் கம்பெனிக்காரர்கள் குப்பை போடுகிறவன் என்று முடிவுகட்டி, அவன் அனுப்புகிற நல்ல கடிதங்களையும் சேர்த்துக் குப்பையில் தள்ளிவிடுவார்கள். அதனால் முதலில் பட்டியலைக் கழுவ வேண்டும். அவள் சேர்ந்த முதல் வாரத்தில் சம்பத், அவளைவிட ஏழு வயது சின்னவன், அன்றைக்கும் இன்றைக்கும் அவளுக்கு டீம் லீடர், எல்லாவற்றையும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிக்கொடுத்தான். "மொதல்ல விலாசம் விலாசமாட்டம் இருக்குதான்னு பாக்கோணும்ங்க்கா, நடுவுல எடம் விட்டிருக்கக் கூடாது, 'அட்'டுங்கற சுழிச்ச 'ஏ' ரெண்டு இருக்கக் கூடாது. அப்பறம் அந்தப் பேர்ல ஒரு தெரு இருக்குதான்னு பாக்கோணும். தெரு இருந்தாலும் அங்க தபால் வாங்கறதுக்கு ஒரு மெசின் இருக்கோணும். இருந்துச்சுன்னா அதும் கதவத் தட்டி, வணக்கமுங்க, இன்னார்கிட்ட இருந்து தபாலுங்க, இந்தப் பேர்ல ஆளு இருக்குதுங்களான்னு கேக்கறது. இருக்குதுன்னு சொன்னதீம் தபாலக் குடுக்காம அப்படியே திரும்பி வந்தர்றதுங்க." தபால் இல்லாமலா தட்டுகிறோம் என்று கேட்டாள். "தபால் நம்முகிட்ட ஏதுங்க்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு அன்றைக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஊரில் மத்தியான வெயிலில் வீட்டுக் கதவையெல்லாம் தட்டிவிட்டு ஓடுகிற பிள்ளைகளை அம்மா விளக்குமாற்றோடு விரட்டியது ஞாபகம் வந்தது, மூன்றாம் நாளே உறுத்தல் போய்விட்டது. ஆறு வருஷத்தில் கோடிக்கணக்கான கதவுகளை அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டியாயிற்று. மெஷின்தான் தட்டுகிறது. அவளுடைய வேலை மெஷினுக்குப் புரியாமல் மிச்சம் விழுகிற சாம்பல் நிறங்களைப் பார்ப்பது. பதில் வராத கதவை இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை தட்ட வேண்டும், மூன்றாவதுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பேர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும், விழுந்த பேருக்குக் கடிதம் போகாது. இது விதி. அவள் எழுதின விதி இல்லை.

ஒரு மணிக்கு முதல் தட்டு, ஒன்று இருபதுக்கு இரண்டாவது, ஒன்று நாற்பதுக்கு மூன்றாவது, இரண்டு மணிக்குப் பைல் போயாக வேண்டும். இதில் புஷ்பகலா செய்ய வேண்டியது எதுவும் இல்லை, சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் போதும். ஆனால் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. நேற்று ஆவுடை பேசும்போது சொன்னாள், நாளைக்குக் கரண்டு கெடையாதுக்கா, மாசாமாசம் நிறுத்துவாங்கள்லா, ஒம்போதுலருந்து ரெண்டு வரைக்கும், அம்மாவுக்கு விசிறிக்கிட்டு இருக்கதுக்கே சரியாருக்கும். நாலு விலாசமும் அந்த ஒரே காலேஜினுடையதுதான், அது ஊரை விட்டு இரண்டு மைல் தள்ளி, அதே கரண்ட் லைனில் இருக்கிறது. தாளாளரின் மகன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த பவிசில் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் காலேஜ் பேரிலேயே மெயில் ஐடி கொடுத்தான், அதற்கான மெஷினை மாடிப்படிக்குக் கீழே விளக்குமாறு வைக்கிற இடத்தில் வைத்திருக்கிறான் என்று ஆவுடை ஒரு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். பேட்டரியில் ஒரு மணி நேரம் ஓடும், பத்து மணிக்கு அணைந்திருக்கும். ஆகவே நாலு பேரும் இல்லாமல் போகவில்லை. கரண்ட் இல்லை, அவ்வளவுதான். குறிப்புக் கட்டத்தில் 'உள்ளூரில் மின்தடை, விலாசங்கள் சரி' என்று ஒரு வரி தட்டினால் சம்பத் நாலையும் பச்சையாக்கி அனுப்பிவிடுவான், போன மாசம் ராஜபாளையத்து மில் ஒன்றுக்கு அப்படித்தான் செய்தாள், சபாஷ்கூட வாங்கினாள். ஒரு வரி. கை நாற்காலியின் பிடியில் இருந்தது, கீபோர்டுக்கு வரவில்லை. சாப்பிட்ட கை என்று சொல்லிக்கொண்டாள், எச்சில் கை, கழுவிவிட்டு எழுதலாம். கழுவிவிட்டு வந்தாள். துடைக்க வேண்டும் என்று தோன்றியது, கைக்குட்டையைப் பையில் தேடினாள், ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். மணி ஒன்று ஆனது.

மெஷின் தட்டியது. சாம்பல், சாம்பல், சாம்பல், சாம்பல். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, அந்த நிமிஷத்தில் புஷ்பகலா சந்தோஷப்பட்டாள், தோள்கள் இறங்கின, முதுகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தது, ஏசிக் காற்று முகத்தில் படுவது தெரிந்தது. அடுத்த நிமிஷமே சீ என்று வந்தது. சீ என்று வந்தபிறகும் சந்தோஷம் எழுந்து போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. நான் என்ன செய்தேன் என்று ஆரம்பித்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை, கரண்ட்டை நிறுத்தினவன் எவனோ, மெஷினை மாடிப்படிக்குக் கீழே வைத்தவன் எவனோ, மூன்று தடவை என்று விதி எழுதினவன் அமெரிக்காவிலோ எங்கேயோ, இடையில் நான் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறவள். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது பொய் சொல்வதாகுமா. நாலு பேருமே விழுகிறார்கள், ஆவுடை மட்டும் இல்லை, முன்பின் தெரியாத மூன்று பெண்களும் கூடவே விழுகிறார்கள், ஓரவஞ்சனை என்று யாரும் சொல்ல முடியாது. இந்த நியாயம் அவளுக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது, இருந்தாலும் அந்த மூன்று பேரையும் துணைக்கு வைத்துக்கொண்டாள். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும், அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள், நினைக்காமல் இருக்கப் பார்த்ததாலேயே அது வந்து நின்றது. நிஜமான கடிதம் இப்படி அவசரப்படாது. கதவு திறக்காவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து வரும், ராத்திரி வரும், மறுநாள் வரும், அஞ்சு நாள் வரைக்கும் அலுக்காமல் வந்து வந்து பார்க்கும். கடிதத்தை மட்டும் கிளம்ப விட்டால் இன்று ராத்திரிக்குள் ஆவுடையின் கையில் இருக்கும். தட்டிவிட்டு ஓடுகிறவளுக்குத்தான் மூன்று தடவைக்கு மேல் பொறுமை கிடையாது.

அம்மா. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து முட்டியது. நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா குளத்துக்குத் துணி எடுத்துக்கொண்டு போனவள் கரையில் விழுந்தாள், வலது பக்கம் மொத்தமும் போயிற்று, பேச்சும் போயிற்று, ஒரு வார்த்தையைத் தவிர. ஆமா. என்ன கேட்டாலும் ஆமா. பசிக்கிதாம்மா, ஆமா. வலிக்கிதா, ஆமா. வலிக்கலையா, ஆமா. இந்த மாதிரி மெஷின்களும் உண்டு, யார் பேரைச் சொல்லிக் கேட்டாலும் இருக்கார், கொண்டா என்று சொல்லும், இல்லை என்று சொல்லத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதற்குக் கம்பெனியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், எங்குமே இருக்க முடியாத ஒரு பேரை, கண்ணை மூடிக்கொண்டு தட்டின எழுத்துகளை, அனுப்பிக் கேட்பது. அதற்கும் இருக்கார் என்று பதில் வந்தால் அந்த மெஷின் சொன்ன மற்ற இருக்கார்களுக்கும் மதிப்பில்லை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது ஆவுடை பால் வாங்கப் போன சமயத்தில் புஷ்பகலா அம்மாவிடம் அதைச் செய்து பார்த்தாள். ஒனக்குப் பத்துப் பிள்ளையாம்மா என்று கேட்டாள். ஆமா. நீ கலெக்டராம்மா. ஆமா. சிரிப்பு வந்தது. நான் கெட்டவளாம்மா. ஆமா என்று அதே குரலில், அதே கோணின வாயோடு, கண்ணை அகற்றாமல் அம்மா சொன்னாள். இதற்கு மதிப்பில்லை, கலெக்டரா என்றதற்கும் இதையேதான் சொன்னாள் என்று புஷ்பகலா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாலும் அந்த ஓர் ஆமா மட்டும் மற்றதோடு சேராமல் தனியாக நின்றது. இந்த அம்மாதான் ஆரோக்கியமாக இருந்த காலத்தில் நாக்கைச் சவுக்கு மாதிரி வைத்திருந்தவள். பத்தாம் வகுப்பில் கணக்கில் போனபோது தெருவே கேட்க நீ மாடு மேய்க்கக்கூட லாயக்கில்ல என்றவள், கல்யாணத்துக்கு முதல் நாள் எங்கயாவது போய்த் தொலையப் போறே, நல்லது என்றவள். தொலைந்தாயிற்று. இருபத்திரண்டு வயதில் பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்கு வந்து தொலைந்தாயிற்று. அப்போது ஆவுடைக்குப் பதினைந்து, பஸ் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள், கண்டக்டர் அதட்டும் வரைக்கும். தொலைந்தவளை இப்போது எதற்குத் தேடுகிறார்கள் என்று நினைத்தாள், நினைத்தது தனக்கே கேட்ட மாதிரி சுற்றிலும் பார்த்தாள்.

ஒன்று இருபது. சாம்பல் நாலு. சம்பத் வந்து பின்னால் நின்றான், அவன் சட்டையில் புதினா வாசம் அடித்தது. "நர்ஸ் லிஸ்ட்டு என்னாச்சுங்க்கா?" "நாலு நிக்குதுங்க, ஒரே காலேஜ்" என்றாள். "ஒரே காலேஜா? அப்ப அங்க ஏதோ கோளாறா இருக்குமுங்க. விசாரிச்சுப் பாக்கறீங்களா?" அவன் சாதாரணமாகத்தான் கேட்டான், தண்ணீர் குடித்தாயா என்று கேட்கிற மாதிரி. அவள் திரையை விட்டுத் திரும்பவில்லை. "யார்கிட்டத் தம்பி விசாரிக்கறது, மூணாவது தடவ பாத்துட்டு விட்டுரலாம்" என்றாள். அவள் குரல் அலுப்பாக வந்தது, சரியான அளவு அலுப்பு, இத்தனை சுலபமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "சரிங்க, ரெண்டு மணிக்கு மேல ஒரு நிமிசம் ஆகக்கூடாதுங்க, வெள்ளைக்காரன் கத்துவான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போதுகூடக் கூப்பிடலாம். சம்பத், அது எங்க ஊருதான், இன்னைக்குக் கரண்ட் இல்ல. அவ்வளவுதான் வார்த்தை. கூப்பிட்டால் என்ன ஆகும் என்று வரிசையாகப் பார்த்தாள். கடிதம் போகும், ஆவுடை உடனே சம்மதம் எழுதிப் போடுவாள், ஆனி மாசம் சொன்ன மாதிரி பெங்களூரில் எட்டு மாசம் பாஷை படிப்பாள், அப்புறம் விமானம். அம்மாவின் கட்டில் லாரியில் ஏறும். இரண்டு அறை வீட்டில் கட்டிலை எங்கே போடுவது, ஹாலில் போட்டால் டிவிக்கும் சோபாவுக்கும் இடையில், மூத்திர வாடை திரைச்சீலையில் ஏறும், வேலையை விட வேண்டும், காலையில் இந்த ஏசியில் வந்து உட்கார்ந்து யாரும் எதற்கும் கூப்பிடாத எட்டு மணி நேரம் போய்விடும். தனபால் ஒரு தடவை சொன்னதுதான், இரண்டாம் தடவை சொல்லவில்லை. "உங்கொம்மாளக் கொண்டாந்து இங்க போட்டீன்னா நான் எங்கப்பனூட்டுக்குப் போயிருவேன். அப்பறம் நீயும் உங்கொம்மாளும் நல்லா இருங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான், தோசையைப் பிய்த்துக்கொண்டே. சொன்னதைச் செய்கிறவன் அவன், அதுதான் அவனிடம் உள்ள ஒரே நல்ல குணம்.

ஆவுடை கேட்டாள். அதையும் மறைக்க முடியாது. எழுதிப் போட்டிருக்கேன் என்று சொன்ன அன்றைக்கே கேட்டாள், எனக்குக் கெடச்சா அம்மாவ நீ பாத்துக்கிடுவேல்லாக்கா. கிடைக்கட்டும் ஆவுடை, கிடைக்கட்டும் என்றாள் புஷ்பகலா. ஆவுடை அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். அவள் எதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள், அக்கா கட்டி அலுத்த சேலையை எடுத்துக்கொள்கிற மாதிரி, முகம் மலர்ந்து, பிரித்துக்கூடப் பார்க்காமல். இருபத்தொன்பது வயதாகிறது. பெண் பார்க்க வந்த இரண்டு இடத்துக்காரர்களும் கட்டிலைப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான். பகலில் அம்மா, சாயந்தரம் டாக்டரம்மா கிளினிக்கில் ஊசி போடுவது, திரும்பி வந்து மறுபடியும் அம்மா. போன பொங்கலுக்கு நான் ஒரு நாள் செய்கிறேன் என்று வீம்பாகச் சொல்லி புஷ்பகலா அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தாள். முதுகுக்குக் கீழே ரூபாய் அகலத்துக்கு ஒரு புண், அதைத் துடைக்கும்போது பஞ்சு உள்ளே போனது, இவ்வளவு தூரம் உள்ளே போகுமா என்று நினைத்து முடிப்பதற்குள் முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்தாள். ஆவுடை முதுகைத் தடவிவிட்டுச் சிரித்தாள். "விடுக்கா, ஒனக்குப் பழக்கமில்ல, நான் பாத்துக்கிடுதேன்." அந்தச் சிரிப்பில் குத்தல் இருந்திருக்கலாமே, ஒரு சொட்டாவது இருந்திருக்கலாமே, இருந்திருந்தால் இன்றைக்கு எத்தனை உதவியாக இருந்திருக்கும். தேடித் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. நல்லவர்களோடு பிறந்து தொலைப்பது பெரிய கஷ்டம். அவர்கள் நமக்குக் கோபப்பட ஒரு வழியும் வைப்பதில்லை. சரி, அவள் போகாமல் இருந்தால் என்ன நஷ்டம், இத்தனை நாள் இருந்த மாதிரி இருப்பாள், புதிதாக எதையும் இழக்கவில்லை, இல்லாத ஒன்று இல்லாமல் போகிறது, அவ்வளவுதானே. அம்மா எத்தனை நாளைக்கு. இந்த இடத்தில் அவள் மனசு ஒரு நிமிஷம் நின்றது, எத்தனை நாளைக்கு என்று ஆவுடை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது ஞாபகம் வந்து நின்றது, பிறகு அதைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விட்டது.

ஒன்று முப்பத்தெட்டு. இன்னும் இரண்டு நிமிஷம், அப்புறம் விதி பார்த்துக்கொள்ளும். இரண்டு மணிக்கு என்று சொன்னால் மூன்றுக்குக் கரண்ட் விடுவார்கள், அவள் பிறந்ததிலிருந்து அப்படித்தான், ஒரு தடவைகூடச் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். அங்கே ஆவுடை அட்டையால் விசிறிக்கொண்டிருப்பாள், கை மாற்றிக் கை மாற்றி. இங்கே விசிறவேண்டிய அவசியமில்லை, குளிருகிறது என்று துப்பட்டாவைப் போர்த்திக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. ஒன்று நாற்பது. மெஷின் தட்டியது. முதல் சாம்பல் பச்சையானது. புஷ்பகலாவுக்குப் புரியவில்லை. இரண்டாவது பச்சை. மூன்றாவது, ஆவுடைச்செல்வி, பச்சை. நாலாவது பச்சை. ஆள் இருக்கிறார், கொண்டுவரலாம். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது, எவனோ ஒரு லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கி, சாப்பாட்டு நேரம் ஆயிற்றென்று சுவிட்சைப் போட்டுவிட்டான், மாடிப்படிக்குக் கீழே விளக்குமாறுகளுக்கு நடுவில் அந்தச் சனியன் கண் விழித்துவிட்டது. கோபம் வந்தது, அழுகை வருகிற மாதிரியான கோபம். இருபது நிமிஷம் பொறுத்தால் என்னடா என்று முகம் தெரியாத லைன்மேனைத் திட்டினாள், இத்தனை வருஷமாகத் தாமதமாக வந்தவர்களுக்கு இன்றைக்குத்தானா கடமை உணர்ச்சி பொத்துக்கொண்டு வர வேண்டும். கூடத் துணைக்கு விழுவதாக இருந்த மூன்று பெண்களும் எழுந்து போய்விட்டார்கள். விதி போய்விட்டது, அமெரிக்காக்காரன் போய்விட்டான். அவளும் ஆவுடையும் மட்டும் மிச்சம், நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. கடவுளே என்று சொன்னாள், சாமியைக் கூப்பிட்டு எந்தப் பக்கம் நிற்கச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சும்மா இருந்தால் கடிதம் போய்விடும். இதுவரைக்கும் சும்மா இருந்தது அவளுக்காக வேலை செய்தது, இப்போது அதே சும்மா இருப்பது ஆவுடைக்காக வேலை செய்கிறது. ஒன்று நாற்பத்தாறு. அப்படியே இருந்துவிடலாம் என்று ஒரு கணம், நிஜமாகவே ஒரு கணம், நினைத்தாள். கட்டில் வரட்டும், தனபால் போனால் போகட்டும், ஆவுடை விமானத்தில் ஜன்னல் ஓரமாக உட்காரட்டும். அந்த ஜன்னல் கண்ணில் வந்ததுதான் தப்பு. பஸ் ஜன்னல் தனக்கு, விமான ஜன்னல் அவளுக்கா என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. அது அம்மாவின் குரல் மாதிரி இருந்தது, நாக்கு நன்றாக இருந்த காலத்து அம்மா. அவள் கை நாற்காலிப் பிடியை விட்டு எழுந்து வந்தது. ஆவுடைக்கு எதிரே இருந்த பச்சையின் மேல் வைத்து அழுத்தினாள். மாற்றுவதற்குக் காரணம் என்ன என்று பெட்டி திறந்தது, மூன்று காரணங்கள் இருந்தன. எழுத்துப்பிழை. உரியவர் கேட்டு நீக்கியது. விலாசத்தில் ஆள் இல்லை. முதல் இரண்டும் பொய் என்பதால் அவற்றைத் தொட அவளுக்குக் கூசியது, மூன்றாவது மட்டும் பொய் இல்லையா என்று கேட்கக்கூடாது, அந்த நேரத்தில் அவளுக்கு அது கொஞ்சம் குறைந்த பொய்யாகத் தோன்றியது. மூன்றாவதை அழுத்தினாள். இந்த விலாசம் நிரந்தரத் தடையில் சேரும், நம் வாடிக்கையாளர்கள் யாரிடமிருந்தும் இதற்கு இனிக் கடிதம் போகாது, சம்மதமா என்று மெஷின் ஒரு தடவை கேட்டது. மெஷினுக்கு இருந்த அந்த மரியாதைக்கு அவள் பதில் மரியாதையாக ஒரு விநாடி யோசித்தாள். சம்மதம். சிவப்பு. ஒன்று ஐம்பத்திரண்டு. உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. ஆவுடை. எடுக்காமல் விட்டுவிடலாம் என்று பார்த்தாள், எடுக்காவிட்டால் அம்மாவுக்கு ஏதாவதோ என்ற பயம், அம்மாவுக்கு ஏதாவது என்றால் என்கிற இன்னொன்று, இரண்டும் சேர்ந்து எடுக்கவைத்தன. "ஏக்கா, சாப்பிட்டியா? கரண்டு வந்துட்டு, இப்பத்தான் சார்ஜ் போட்டேன். அம்மா அசந்து தூங்குதா." "சொல்லு ஆவுடை." "ஒன்னுமில்லக்கா, என்கூடப் படிச்ச பேச்சிக்கனி சொல்லுதா, லிஸ்ட்டு இன்னைக்கு நாளைக்குள்ள வந்துருமாம், மெயில்லதான் அனுப்புவாங்களாம், ஏழு நாளைக்குள்ள பதில் போடலன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். எனக்கு இந்தப் போன்ல காலேஜ் மெயில எப்படிப் பாக்கதுன்னே தெரியல. நீ அதே வேலதான பாக்க, சொல்லித் தாக்கா." புஷ்பகலா திரையிலிருந்து கண்ணை எடுத்து மேஜையைப் பார்த்தாள், டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு மஞ்சள் பருக்கை ஒட்டியிருந்தது. "மெயில் படம் போட்டது ஒன்னு இருக்கும் பாரு, அதத் தொடு" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் சுலபமாக இருந்தது, தெரிந்த வேலை. காலேஜ் பேரைச் சேர்க்கச் சொன்னாள், கடவுச்சொல் மறந்துவிட்டது என்றதற்கு மாற்றுகிற வழியைச் சொன்னாள், ஆவுடை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள், தப்பாகத் தட்டியபோது புஷ்பகலா பொறுமையாக அழிக்கச் சொன்னாள். அவள் இத்தனை பொறுமையாக யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. சம்பத் தூரத்திலிருந்து கையை உயர்த்தி, அனுப்பட்டுமா என்று கட்டைவிரலைக் காட்டினான். "திறந்துட்டுக்கா! ஆனா ஒன்னையும் காணும், காலியா இருக்கு." "இன்னும் அனுப்பியிருக்க மாட்டாங்க" என்று போனில் சொல்லிக்கொண்டே சம்பத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவன் குனிந்து ஒரு பொத்தானை அழுத்தினான், நிமிர்ந்து, சோம்பல் முறித்தான்.

"வந்தா எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் பாட்டுக்கு அம்மாவக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா?" "மணி அடிக்கிற மாதிரி வச்சுக்கலாம். மேல மூணு கோடு இருக்கும், அதத் தொட்டுக் கீழ போ. சத்தம்னு இருக்கா? ஆன் பண்ணு. முழுசாக் கூட்டி வை." "வச்சுட்டேன். அடிக்குதான்னு எப்படிப் பாக்கது? நீ ஒன்னு அனுப்புக்கா, பாப்போம்." மறுப்பதற்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆவுடையை லைனிலேயே வைத்துக்கொண்டு தன் போனில் ஆவுடையின் விலாசத்தை, ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் ஆள் இல்லை என்று எழுதின அதே விலாசத்தை, தட்டினாள். என்ன எழுதுவது என்று தெரியாமல் 'அக்கா' என்று மட்டும் எழுதி அனுப்பினாள். புளியங்குடியில், தூங்குகிற அம்மாவுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு மணி அடித்தது. கோயம்புத்தூரில் அவள் காதுக்குள்ளேயே கேட்டது. "அடிச்சுட்டுக்கா!" ஆவுடை சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். "நல்லாக் கேக்கு, அடுப்படிவரைக்கும் கேக்கும் போல. ஒன் பேரு வந்துருக்கு பாரு." "ஆங்" என்றாள் புஷ்பகலா. "அதே சத்தந்தான். போனக் கட்டில்லயே வச்சுக்க, ஆஃப் பண்ணிராத. எப்ப அடிச்சாலும் ஓடிப் போய்ப் பாரு."